வயோதிகரும் தேகப்பயிற்சியும்

அறுபதைக் கடந்தவர் ஒருவர் தேகப்பயிற்சிசாலைக்குள் நுழைந்தால், அங்குள்ள வாலிபர்கள் வியப்புடன் நோக்குகின்றனர், வீட்டாரோ, "இந்த வயதில் இது எதற்கு?" என்கின்றனர். இக்கேள்விக்குத் தக்க விடை 1990-ம் வருஷத்திலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் விடுதியொன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரகாலம் கால்வலிமைக்கான பளுப்பயிற்சி அளித்தனர். இறுதிவரை நின்றவர் ஒன்பதின்மர். அவர்களது வலிமை சராசரி 174 சதவிகிதம் பெருகிற்று. இருவர் கைத்தடியையே விட்டொழித்தனர். ஆயினும் இவ்வாராய்ச்சியின் பிற்பகுதியை அநேகர் எடுத்துரைப்பதில்லை. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில், அடைந்திருந்த உச்ச வலிமையில் 32 சதவிகிதம் போய்விட்டது.

ஆகவே, முதியவரால் இயலுமா என்பதன்று இப்போதுள்ள வழக்கு. அவரை விடாமல் வரச்செய்வது யாது என்பதே. வைத்தியர் நீரிழிவையும் ரத்தக்கொதிப்பையும் சொல்லி அச்சுறுத்துவது முதல் மாதத்திற்குப் போதும். முன்பணம் கட்டிவிட்டோமே என்ற வருத்தம் இரண்டாம் மாதம்வரை இழுக்கும். (அவ்விதம் பணம் இழந்தோர் கோஷ்டியில் நாமும் ஒருவரே.) அதற்குப் பின்னும் வருகிறவரை விசாரித்துப் பாருங்கள். பிறர் கைபிடிக்காமல் பஸ் ஏறவேண்டும், தரையில் அமர்ந்து எழவேண்டும் என்பார். இன்னும் சிறிது பேசவிட்டால், ஒருநாள் வராவிடில் ஏனென்று கேட்க அங்கே நால்வர் உளர் என்பதையும் சொல்வார். உத்தியோகத்தினின்று விலகி, பழைய நண்பர்களை ஒவ்வொருவராக இழந்து, மக்களையும் தூரதேசத்திற்கு அனுப்பிவிட்டவருக்கு அக்கேள்வி அற்பமானதன்று.

அமெரிக்காவில் 1992-ல் தோன்றிய 'ஸில்வர் ஸ்நீக்கர்ஸ்' ஏற்பாடு, அறுபத்தைந்து வயதானோரின் கட்டணத்தை இன்ஷ்யூரன்ஸ் மூலம் தீர்ப்பதோடு நில்லாமல், அவர்களுக்கென்றே கூட்டுவகுப்புகளும் நடத்துகிறது. நாம் கவனிக்கவேண்டியது இந்தப் பிந்திய அம்சத்தையே.

நம் நகரசபைகள் நடத்தும் பயிற்சிசாலைகளில் மாலைப்பொழுது வாலிபர் கூட்டத்திற்கும் சினிமாப் பாட்டின் இரைச்சலுக்கும் உரியதாகிவிட்டது. அதை ஆட்சேபிக்கிறோமில்லை. காலையில் ஒரு மணி நேரத்தை முதிய ஆடவர்க்கும் ஸ்திரீகளுக்கும் ஒதுக்குவதில் என்ன தடை? முதியோர்க்குப் பயிற்சியளிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி, சில உறுதியான நாற்காலிகள், ஒரு வருகைப் புத்தகம் — இவை போதும். இரண்டு நாள் பெயர் விடுபட்டால் ஆசிரியர் டெலிபோனில் விசாரிக்கட்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் முதியோர்க்கு வாரம் மூன்று நாளாவது உடலின் நிலைதடுமாறாமைக்கும் வலிமைக்கும் பயிற்சி வேண்டுமென்று கூறியிருக்கிறது. அம்மூன்று நாளுக்கான செலவை அடுத்த பட்ஜெட்டிலேயே சேர்க்கும்படி நகரசபை அங்கத்தினர்கள் பிரேரேபிக்க வேண்டும்.