கணினிக்கும் காய்ச்சல் வரும்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத் தொடங்கிய காரியந்தான். ஆயினும் சென்ற மாதம் ஓரிரவு நாம் பட்ட பாட்டை அன்பர்களுக்குச் சொல்லாமலிருப்பதற்கில்லை.

நம் சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் காலமானார். பொங்கல் விழாவில் அவர் பேசியதை நாம் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தோம். நாகர்கோவிலில் பதினாறாம் நாள் அடியந்திரத்தன்று அதை உறவினருக்குத் திரையில் காட்ட வேண்டுமென்று அவர் புதல்வர் விரும்பினார். இரண்டு மணி நேரப் படத்தைச் செப்பஞ்செய்து, ஒரே கோப்பாக்கும்படி மடிக்கணினிக்குக் கட்டளையிட்டு, அதை மெத்தைமேல் வைத்துவிட்டு உறங்கினோம். நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது. அடிப்பாகம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. மீண்டும் தொடங்கினோம், மீண்டும் அணைந்தது. மறுநாள் ஒன்றே எஞ்சியிருந்தது.

இவ்வாறு கோப்பாக்குவதை ரெண்டரிங் என்பர். கடிதம் தட்டச்சு செய்கையில் கணினியின் மூளையாகிய பிராசஸர் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ரெண்டரிங்கிலோ அதன் கருக்கள் யாவும் மணிக்கணக்கில் ஓயாது உழைக்கின்றன. அது உண்ணும் மின்சாரமெல்லாம் வெப்பமாகிறது. 95 அல்லது 100 டிகிரி செல்ஸியஸை நெருங்கியதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பொழுதும் தணியாவிடில் கணினி அணைந்துவிடும். எல்லாம் எரிந்து போயிற்றென்று நாம் அஞ்சியது வீண். அது தன்னைத் தானே காத்துக்கொண்டது.

பெரிய கம்பெனிகளுக்கும் இத்தொல்லை உண்டு. 2004-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் டேஜாஸ் என்னும் பிராசஸர் திட்டத்தையே கைவிட்டது. மிகுதியான வெப்பமும் மின்செலவும் அதற்கு முக்கிய காரணங்கள். ஒரே கருவை மேலும் மேலும் விரட்டுவதை விட்டு, பல கருக்களை ஒரே சில்லில் அமைக்கும் வழிக்கு அந்நிறுவனம் திரும்பிற்று.

நிற்க. நம் வீட்டில் முதற் குற்றவாளி மெத்தை. காற்றை இழுக்கும் துளைகள் அடியில் இருக்க, அவற்றைப் பஞ்சால் அடைத்தால் விசிறி என்ன செய்யும்? கணினியை மேசைக்கு மாற்றிப் பின்புறத்தை இரண்டு புத்தகங்களால் உயர்த்தினோம். மின்னிணைப்பை எடுத்துவிட்டுத் துளைகளில் படிந்த தூசியைத் தூரிகையால் துடைத்தோம். (காற்றடித்துத் துடைப்போர் விசிறியைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்க.) பழைய கணினியானால் பிராசஸர்மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம், அதைப் பழகிய கைகளிடம் விடுவதே உத்தமம். அறை வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தால் பிராசஸரின் சூடும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். ஆகையால் நம் ஊர் மேடமாத நண்பகலில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள்.

பெரிதும் கைகொடுத்தது வேறொன்று. விண்டோஸின் மின்சார அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவு 100 சதவிகிதம் என்றிருந்தது; அதை 99 ஆக்கினோம். ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். பல மடிக்கணினிகளில் அந்த ஒன்று குறைந்ததும் ‘டர்போ’ என்னும் மிகைவேகம் நின்றுவிடுகிறது; சூடும் வெகுவாகத் தணிகிறது. கிராபிக்ஸ் சில்லிடம் வேலையை ஒப்படைக்கும் வசதியும் சில மென்பொருள்களில் உண்டு. கோப்பு சற்றுப் பெரிதாகலாம்.

வேகத்தைக் குறைத்தமையால் நேரம் கூடிற்று. ஆனால் கணினி அணையவில்லை. மறுநாட் காலை நாகர்கோவில் வண்டியில் புறப்பட்ட அவர் புதல்வரிடம் தம்பானூர் நிலையத்தில் பென் டிரைவைக் கொடுத்தோம்.