முதிய நாயும் கூடத்து ஈரமும்

பல ஆண்டுகளாக வெளியே சென்றே சிறுநீர் கழித்துப் பழகிய நாய், பத்து வயதை ஒட்டி வீட்டுக்குள் நனைக்கத் தொடங்குமானால், அதைப் பழக்கக்கேடு என்று முடிவுகட்டுவதற்கு முன் உடற்கேடாக இருக்குமோ என்று ஐயுறுவதே முறை. ஈரம் எங்கே, எப்போது, எவ்வளவு காணப்படுகிறது என்று கவனித்தாலே காரணத்தைப் பெருமளவு ஊகித்துவிடலாம்.

நாய் உறங்கி எழுந்த பாயில், அதன் இடுப்பு கிடந்த இடத்தில் மட்டும் உள்ளங்கையளவு ஈரம் இருந்தால், அது அறிந்து கழித்த சிறுநீர் அன்று. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துபோனதால் உறக்கத்தில் தானே கசிந்தது. 'சிறுநீர் அடக்கவியலாமை' எனப்படும் இந்நிலை கருத்தடை அறுவை செய்யப்பட்ட பெண் நாய்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. மாத்திரைகளால் பெரும்பாலும் கட்டுப்படுவதும்கூட. வாசற்கதவை ஒட்டிக் குளமாகத் தேங்கியிருந்தால், வெளியே போக முயன்ற நாய், கதவைத் திறக்க ஆளில்லாமலோ, மூட்டுத் தேய்வினால் விரைந்து எழ இயலாமலோ தோற்றிருக்கிறது என்று கொள்ளலாம். நாற்காலிக் காலிலும் கதவு நிலையிலும் சிறிது சிறிதாகத் தெறித்திருப்பது, தன் மணத்தை விட்டுச்செல்லும் 'எல்லை குறித்தல்'. வீட்டுக்குப் புதிய ஆளோ புதிய நாயோ வந்தபின் இது தலைகாட்டுவதுண்டு. கூடத்தின் நடுவில், எல்லோரும் பார்த்திருக்கக் கழித்துவிட்டு, சுவர் மூலையை வெறித்தபடி நிற்கும் நாய்க்கு மூளை மூப்பினால் வரும் மறதிநோய் இருக்கக்கூடும்.

தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிட விரைவில் காலியாவது தனியே கவனிக்கத்தக்கது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பது நீரிழிவுக்கோ சிறுநீரகப் பழுதுக்கோ அறிகுறியாகலாம். தரை நனையாதிருக்கட்டும் என்று அத்தகைய நாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது அதன் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைத் தூய கிண்ணத்தில் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முதல் வேலை.

பலர் சேர்ந்து வாழும் வீட்டில், மருத்துவத்தைவிடக் கடினமானது மனிதர்களின் ஒருமைப்பாடு. ஒருவர் அதட்டுகிறார், ஒருவர் கொஞ்சுகிறார், நாயை வெளியே அழைத்துச் சென்றது மற்றவர்தான் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கின்றனர். ஈரத்தில் மூக்கைத் தேய்க்கும் வழக்கம் கொடியது, பயனும் அற்றது. எப்போதோ கழித்ததற்கு இப்போது கிடைக்கும் தண்டனையை நாய் அச்செயலோடு இணைத்துப் பார்ப்பதில்லை, அடித்த மனிதரைக் கண்டு அஞ்சிக் கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கவே கற்றுக்கொள்கிறது. ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் மனித மூக்குக்கு நாற்றம் மறைகிறதே தவிர, தரையில் படிந்த சிறுநீரின் மணப்பொருள்கள் எஞ்சி, நாயை மீண்டும் அதே இடத்துக்கு அழைக்கின்றன. அவற்றைச் சிதைக்கும் நொதிகள், அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்கள் கலந்த துப்புரவு நீர்மத்தை ஊற்றி, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

உறங்கி எழுந்ததும், உண்டதும், இரவு படுக்குமுன்னும் யார் அழைத்துச் செல்வது என்பதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய ஒரு தாளில் எழுதி, போய்வந்த நேரத்தையும் குறித்துவைத்தால் பூசல் குறையும். அத்தாள் மருத்துவருக்கும் உதவும். எவர் சென்றாலும் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, கழித்த மறுகணமே அங்கேயே பிஸ்கட் துண்டொன்றைக் கொடுப்பது அவசியம். இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை அடக்கிவைக்க முதிய உடலால் இயலாதபோது, பால்கனியில் செய்தித்தாள் விரித்த தட்டொன்றை வைப்பதில் குறையேதும் இல்லை. நாயின் படுக்கையை, உறக்கம் எளிதில் கலைபவரின் அறையில் இடுவது நல்லது. நள்ளிரவில் அது எழுந்து நடக்கும்போது டைல்ஸ் மீது நகம் படும் மெல்லிய ஓசை அவருக்குத்தான் கேட்கும்.