நுரையீரலுக்குள் ஒரு விளக்கு

'பிராங்கோஸ்கோப்பி' என்று மருத்துவர் சொன்னவுடனே பல வீடுகளில் அழுகுரல் எழுந்துவிடுகிறது. புற்றுநோய்தான் என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ஒரு சோதனையே என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் யார்?

1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்னும் மருத்துவர், குடியானவர் ஒருவரின் மூச்சுக்கிளைக் குழலில் சிக்கிய எலும்புத் துண்டை, வளையாத உலோகக் குழாயைச் செலுத்தி வெளியே எடுத்தார். (நினைத்தாலே தொண்டை கரகரக்கிறது!) 1960களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இக்கெடா, கண்ணாடி இழைகளால் ஒளி கடத்தும், வளையும் குழாயைக் கொண்டுவந்தார். இன்று பென்சிலினும் மெல்லிய குழாயின் நுனியில் காமிராவே வந்துவிட்டது.

தொண்டையை மரக்கச் செய்து, மூக்கு அல்லது வாய் வழியே அதைச் செலுத்துகிறார்கள். இருமல் வரும், ஆயினும் குழாயைச் சுற்றிக் காற்று போய்வரும். சளியே துப்ப இயலாத காசநோயாளிக்கும் உள்ளிருந்து நீரும் திசுவும் எடுத்து நோயைக் கண்டறியலாம். சிலருக்கு இரத்தம் கசிவதுண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

ஒப்புதல் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்குமுன், இவ்வளவையும் நல்ல தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் போதாதா? சொல்லாததன் விளைவு சோதனைக்குப் பிறகும் தொடர்கிறது. மரப்பு நீங்கும்வரை நோயாளி எதையும் விழுங்கலாகாது. விழுங்கினால் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். வாசலில் காத்திருக்கும் உறவினரோ, பட்டினி கிடந்தவராயிற்றே என்னும் பரிவால், சூடான காப்பியுடன் நிற்கிறார்!