நின்று நின்று வந்த மூச்சு

சகோதரிகளே, இந்த முறை சமையல் குறிப்பு இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாமனார் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மூன்று வருஷம் முன்பு மாரடைப்பு வந்து பிழைத்தார். போன மார்கழியில் அத்தை ஊருக்குப் போயிருந்ததால், நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தேன். நடுராத்திரி அவர் மூச்சு மெல்ல மெல்லப் பெரிசாகி, பிறகு சிறிசாகி, நின்றே போயிற்று! கரண்ட் போனால் மிஷின் நிற்குமே, அப்படி. பதறி எழுந்தேன். இருபது எண்ணுவதற்குள் மூச்சு திரும்ப வந்தது. விடியும்வரை இதே கதைதான்.

காலையில், “ஏனுங்க, மாமாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க” என்றேன். “அது குறட்டை” என்றார் என் கணவர். மாமாவோ, “எனக்கொண்ணுமில்லை அம்மிணி” என்றார். ஆனால் காலில் வீக்கம் இருந்தது; நேராகப் படுத்தால் இருமல் வந்தது. விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், “இதயம் பலவீனமாக இருக்கிறது. அதனால் வருகிற மூச்சு இது” என்றார். 1818-ல் டப்ளினில் ஜான் செய்ன், 1854-ல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற டாக்டர்கள் இதை எழுதி வைத்ததால், செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயராம். இதயம் சோர்ந்தால் ரத்தம் மெதுவாக ஓடுகிறது. “மூச்சு போதும்” என்ற சேதி மூளைக்குத் தாமதமாகப் போகிறது. அதற்குள் மூச்சு அதிகமாகிக் கரியமில வாயு குறைந்துவிட, மூளை மூச்சையே நிறுத்திவிடுகிறது. நுரையீரலில் தேங்கும் நீரும் இதைக் கூட்டும்.

என் கொழுந்தனார், “மூச்சு மிஷின் வாங்கிடலாமே” என்றார். டாக்டர் தடுத்தார். இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கு ஒரு வகை மிஷின் வைத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியாயிற்றாம். மூச்சு சீரானது, ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் அதிகமானார்கள். “முதலில் இதயத்தைக் கவனிப்போம், மிஷின் வேண்டுமா என்று பிறகு பார்க்கலாம்” என்றார்.

நீர் மாத்திரையும் இதய மாத்திரைகளும் கொடுத்தார். நான் உப்பைக் குறைத்தேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தினேன். தினமும் காலையில் எடை பார்த்து காலண்டரில் குறித்தேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார். வீக்கம் வடிந்தது. மூன்று மாதத்தில் ராத்திரி மூச்சு பெரும்பாலும் சீராயிற்று. எல்லோருக்கும் முழுசாகச் சரியாகிவிடாது என்றும் டாக்டர் சொன்னார்.

உங்கள் வீட்டில் இதய நோயாளி இருந்தால், ஒரு ராத்திரி அவர் மூச்சைக் கவனியுங்கள். நின்று நின்று வந்தால், எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணி, டாக்டரிடம் சொல்லுங்கள். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு தெரியாது. பக்கத்தில் விழித்திருக்கிற நமக்குத்தானே தெரியும்!