தீப்பட்ட காட்டில் ஆடு மேய்ப்பது பற்றி எமது நிலைப்பாடு

தீயில் எரிந்த காடு மீள ஆடுகள் உதவுமா என்ற கேள்விக்கு, மாத்தளையின் நாலந்தாக் குன்றுகளை முன்வைத்து நாம் சொல்வது இது: எரிந்த இயற்கைக் காட்டுக்குள் ஆடு போகக் கூடாது. அந்தக் காட்டின் ஓரத்துப் புல்லைத் தின்பதற்கு ஆடு கட்டாயம் வேண்டும்.

இப்பகுதியில் தீ தானாகப் பிடிப்பது அரிது. வேட்டைக்காகவும், மாட்டுக்கு இளம்புல் முளைக்கவும், சேனைப் பயிர்ச்செய்கைக்காகவும் மனிதர் வைக்கும் தீதான் கச்சான் காற்றில் மலையேறுகிறது. பிறகு முதலில் எழுவது கினிப்புல். அதன் தூர் தீயில் சாவதில்லை. ஒரு நல்ல மழைக்கே தளிர்த்து ஆளுயரம் தாண்டிவிடும். முதிரை, கருங்காலிக் கன்றுகள் அதன் நிழலில் நலிகின்றன. அடுத்த கோடையில் அதே புல் காய்ந்து, தப்பிய கன்றுகளையும் எரிக்கிறது. மலைச்சரிவுகளை மானாப்புல்லும் இப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. காடு மீள வேண்டுமானால் முதலில் இந்தப் புல்லின் பலம் குறைய வேண்டும்.

வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு. செம்மறி பெரும்பாலும் புல்லை மேயும். வெள்ளாடு பின்னங்காலில் நின்று இலை, தளிர், இளங்கொம்பு என்று தேடித் தின்னும். எரிந்த மரத்தின் அடியில் வெடிக்கும் புதுத்தளிர் அதற்கு மிக விருப்பமான தீன். அந்தத் தளிர்தான் காட்டின் மறுபிறவி. அதைத் தின்னவிட்டால் மிஞ்சுவது புல்தான். தீயில் வெறுமையான சரிவில் குளம்பு பட்டால் மண்ணும் கழன்றுவிடும். அந்த மண் போய்ச் சேரும் இடம் போவத்தென்ன நீர்த்தேக்கம். கலாவாவிக்குத் தண்ணீர் போகும் வழி அது. நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலை இடம் மாற்றி அந்த நீர்த்தேக்கத்துக்கு வழிவிட்ட ஊர், அதை மண்ணால் நிரப்ப இடம்கொடுக்கக் கூடாது.

ஆகவே, ஆட்டின் இடம் கிராமத்துக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புப் பட்டி. முற்றிய கினிப்புல்லை ஆடு சீண்டாது. முதலில் வெட்டிவிட்டு, மறுதளிரை மேயவிட வேண்டும். அதுவும் கதிர் முற்றுமுன். பிந்தினால் புழுக்கையிலும் மயிரிலும் விதை காட்டுக்குள் போகும். உன்னிச்செடியையும் ஆடே தின்று தீர்க்கும் என்று நம்ப வேண்டாம். அதன் இலை ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. அதைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

ஸ்பெயினின் அந்தலூசியாவில் 2005 முதல் இப்படித் தீத்தடுப்புப் பட்டிகளில் ஆடு மேய்க்கும் இடையருக்கு அரசு பணம் கொடுக்கிறது. பரப்பு, சரிவு, தூரம் ஆகியவற்றோடு, புல் எவ்வளவு தின்னப்பட்டது என்பதையும் பார்த்தே கூலி. இதில் எமக்குப் பிடித்தது, மேய்ச்சலை அவர்கள் வேலையாக மதிப்பது. இங்கே மாத்தளையில் ஆடு வளர்ப்போரில் பலர் காணியில்லாத தோட்டக் குடும்பத்தினர். காட்டுக்குள் போனால் அவர்களைக் குற்றவாளிகளாக்கும் சட்டம் இருக்கிறது. காட்டைக் காத்தால் கூலி தரும் ஏற்பாடு இல்லை.

ஒதுக்குக் காட்டில் மேய்ச்சலுக்குள்ள தடையைத் தளர்த்த வேண்டாம் என்பதே எமது கோரிக்கை. நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அதன் வெளியே, வனப் பாதுகாப்புத் திணைக்களமும் கால்நடைத் திணைக்களமும் நாவுல பிரதேச செயலகமும் கூடி, மேய்ச்சல் பட்டிகளை எல்லைக்கல் நட்டுக் குறிக்க வேண்டும். மேய்ப்பவருக்குக் கூலியும், சிறுத்தைக்குத் தப்பும் இராப்பட்டியும், தண்ணீரும் மருத்துவமும் கொடுக்க வேண்டும். எரிந்த இடத்துக் கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை அங்கே வேலி நிற்க வேண்டும்.