ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் மௌனமா? பேசவைக்க 5 வழிகள்!

``எல்லாருக்கும் புரிஞ்சுதா?''

ஆன்லைன் வகுப்புகளில் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் பதில் வராது. நேரடி வகுப்பென்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். திரையில் தெரிவதோ பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள். கவனிக்காத பிள்ளையும் புரியாமல் திணறும் பிள்ளையும் அங்கே ஒரேமாதிரிதான் தெரிவார்கள். விஷயம் வெளியே வருவது தேர்வில்தான். அதற்குள் பாடம் வெகுதூரம் போயிருக்கும்.

2020 பொதுமுடக்கத்தில் வீட்டுக்குள் வந்த ஆன்லைன் வகுப்பு, டியூஷன், போட்டித்தேர்வுப் பயிற்சி என இன்றும் தொடர்கிறது. பிள்ளைகளை அதில் பங்கேற்கவைப்பது எப்படி?

1. கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தவர், அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ். அதை 3 விநாடிகளாக்கியபோது பதில்கள் நீண்டன, தானாக முன்வந்து பேசுபவர்களும் அதிகரித்தனர். ஆன்லைனில் மைக்கை ஆன் செய்யவே நேரம் பிடிக்கும். எனவே, மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள்.

2. முதலில் ஓட்டு, பிறகு விளக்கம்

`0.5, 0.35... எது பெரியது?' என்று `போல்' வைத்துப் பாருங்கள். 5-ஐவிட 35 பெரியது என்பதால் 0.35-ஐத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். `புரிஞ்சுதா?' என்று கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் தெரிந்தே இருக்காது.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1991 முதல் பின்பற்றும் முறை இது. சுமார் 30 முதல் 70 சதவிகிதம் பேர் சரியாகச் சொன்னால், விடையை உடனே சொல்லாமல் மாணவர்களையே விவாதிக்கவிட்டு, மறுபடி ஓட்டு கேட்பார். அதற்கும் குறைவென்றால், பாடத்தை மீண்டும் விளக்க வேண்டும் என்று அர்த்தம்.

3. இருவர் இருவராகப் பிரியுங்கள்

40 பேர் முன் பேசத் தயங்கும் பிள்ளை, ஒரு தோழியிடம் பேசிவிடும். தனியாக யோசி, ஜோடியாகப் பேசு, பிறகு வகுப்பில் சொல் என்ற முறையை 1981-ல் முன்வைத்தவர் ஃபிராங்க் லைமன். ஜூமில் உள்ள `பிரேக்-அவுட் ரூம்' இதற்கு ஏற்றது. ஒரே கேள்வி, 4 நிமிடம், திரும்பி வந்து யார் பேசுவது என்பதை முன்பே முடிவுசெய்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கேயும் மௌனம்தான்.

4. சாட்டில் ஒரே நேரத்தில்

பதிலை டைப் செய்து வைக்கட்டும். ஆசிரியர் `இப்போ' என்றதும் எல்லோரும் அனுப்பட்டும். முதலில் வந்த பதிலைப் பார்த்து அப்படியே எழுத முடியாது.

5. கேமராவுக்குக் கட்டாயம் வேண்டாம்

கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், கேமராவை அணைக்க முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது தோற்றம் குறித்த தயக்கம். பின்னால் வீடு தெரிவது, இணைய வேகம் ஆகியவையும் காரணங்களில் இருந்தன. ஒரே அறை வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சங்கடம் நிஜமானது. ஓட்டும் சாட்டும்கூட பங்கேற்புதான்.

பெற்றோர் கவனத்துக்கு...

பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுக்காதீர்கள். பிள்ளை தவறாகச் சொன்னால்தான் எங்கே குழப்பம் என்று ஆசிரியருக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் `ஒழுங்கா கவனிச்சியா?' என்பதற்குப் பதில், `இன்னிக்கு என்ன கேள்வி வந்துச்சு, நீ என்ன சொன்னே?' என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். ஹார்வர்டு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019-ல் வெளியான ஆய்வில், தாங்களே விடை தேடிய வகுப்பைவிட, விரிவுரை கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக அவர்கள் நினைத்தார்கள். தேர்வு மதிப்பெண்ணோ நேர்மாறாக இருந்தது. ஆகவே, ``மிஸ் நடத்தவே இல்லம்மா, கேள்வியா கேட்டுட்டு இருந்தாங்க'' என்று பிள்ளை சலித்துக்கொண்டால், புகார் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். நல்ல வகுப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம்!