ஆடியில் ஒரு கூடை

ஆடி பிறந்துவிட்டால் மாம்பலம் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் கிடையாது. தள்ளுபடி என்று ஊரே திரண்டு நிற்கும். அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் என் தையல் கடையிலோ நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்! வாங்குகிற புடவையெல்லாம் எங்கே போகிறது என்கிறீர்களா? நேரே பீரோவுக்குத்தான். ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாமல் கல்யாண ரவிக்கை ஏது? ஆவணி பிறந்ததும் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து, "நாளைக்கே வேணும்" என்பார்கள். அது வேறு கதை.

போன வாரம் எனக்கு வந்த வேலை மொத்தம் மூன்று. இரண்டு புடவைக்கு ஃபால்ஸ், ஒரு பையனின் நிஜாருக்குப் பித்தான். சும்மா உட்கார்ந்தால் கடை வாடகை ஞாபகம் வருகிறது. அதை மறக்கத் திங்கட்கிழமை ஒயர் கூடை ஒன்று ஆரம்பித்தேன். செவ்வாயன்று நவராத்திரி நினைவுக்கு வந்தது. வெட்டுத் துணிகளைப் பொறுக்கி எடுத்து மரப்பாச்சி ராஜா ராணிக்கு உடை தைக்க உட்கார்ந்தேன். புதனன்று, இரண்டு வருஷமாகப் பாதியில் நிற்கும் குரோஷா மேஜை விரிப்பு.

"பாதி முடிந்த சாமான்களை மட்டும் அடுக்கினாலே ஒன்பது படி கொலு வைக்கலாமே!" என்றார் என் கணவர். வாஸ்தவம்தான் என்பதால் நான் பதில் பேசவில்லை.

கூடைக்கு அடிப்பாகம்தான் உயிர். ஒயரை அளவாக வெட்டி முடிச்சு முடிச்சாக அகலப்படுத்திக்கொண்டு போய், பிறகு சுவர் ஏற்ற வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் கூடை ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். சாதாரண முடிச்சு எனக்கு வரும். சிவன் கண் ஒரு மாதிரி வரும். நெல்லிக்காய் முடிச்சு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஆனால் அழகென்னவோ அதற்குத்தான். 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, பரணில் கிடந்த ஒயர் கூடைகளெல்லாம் மறுபடி கறிகாய்க் கடைக்குக் கிளம்பியதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் பிளாஸ்டிக்தானே என்று கேட்காதீர்கள். என் மாமியார் பின்னிய கூடை இன்னும் உழைக்கிறது.

வியாழக்கிழமை காலை, என்னிடம் ஆரி வேலை செய்யும் பெண் வந்து நின்றாள்.

"அக்கா, ஏதாவது வந்திருக்கா?"

"இல்லையேம்மா" என்றேன், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவள் போகவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு உருப்படிக் கணக்கில் கூலி. எனக்குப் பொழுது போகாத அந்த நாலு நாளும் அவளுக்கு வரும்படி இல்லாத நாட்கள். கல்யாண ரவிக்கைகளுக்கு மணியும் ஜர்தோசியும் கோத்துக் கொடுத்த கை! இது எனக்குத் தோன்றவே இல்லை என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"இங்கே ஒயரை உள்ளே விட்டுத் திருப்பணும் அக்கா" என்றபடி அவள் உட்கார்ந்தாள். நான் போட்ட இரண்டு வரிசையையும் பிரித்துவிட்டு, நெல்லிக்காய் நெல்லிக்காயாக ஏற்றிக்கொண்டே போனாள். எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு, "300 ரூபாய்க்குத் தருவாயா?" என்று கேட்டார். கூடைகளாகவே பின்னி விற்றால் என்ன என்று எனக்கும் சபலம் தட்டியது. கணக்குப் போட்டேன். ஒயர் விலையைக் கழித்து, பின்னும் நேரம் பதினொரு மணி என்று வைத்தால், மணிக்குப் பதினைந்து ரூபாய் சொச்சம்! வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

கூடை விற்பனைக்கு இல்லை என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். வெட்டுத் துணியில் ஐந்து துண்டு எடுத்துச் சட்டத்தில் கட்டச் சொன்னேன். மாங்காய், மயில், கோபுரக் கரை என்று ஆவணிக்கு மாதிரி போட்டு வைக்கலாமே! கூலி, முகூர்த்த மாதத்தில் கொடுப்பதற்கு ஒரு பைசா குறையாது. பணத்துக்கு? வாடகைக்கு வைத்திருந்ததில்தான் கை வைத்தேன். கடைச் சொந்தக்காரரிடம் பத்து நாள் தவணை கேட்டதற்கு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சரியென்றார்.

சனிக்கிழமை ஃபால்ஸ் புடவையை வாங்க ஒரு தாயும் பெண்ணும் வந்தார்கள். பெண் அந்த மயிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஆவணியில் முகூர்த்தம். நாலு இடம் விசாரித்துவிட்டு வருகிறோம்" என்று அம்மா அவளை அழைத்துப் போய்விட்டார். வருவார்களோ, மாட்டார்களோ.

கூடைக்கு இன்னும் கைப்பிடி போடவில்லை. தான் போடுவதாக அவள் சொல்கிறாள், நான்தான் விடவில்லை. ராணிக்குப் புடவை ஆகிவிட்டது. ராஜாவின் வேஷ்டிக்குத்தான் ஜரிகை ஒரு விரற்கடை போதவில்லை.